மதர் எழுத மறுத்த துண்டு

3 ஜூன் 1997, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. றப்பர் மரமெல்லாம் ஈரம், இன்றும் பால்வெட்டு இல்லை. கூரை ஒழுகல், இரண்டு இடத்தில். மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது.

பால் வெட்டும் ராஜுவின் மனைவி செல்வி வந்தாள். என்னிடம் படித்தவள். ஒன்பதாம் மாதம், நான்காவது பிள்ளை. முன்னைய மூன்றும் ஆபரேசன் செய்து எடுத்தவை. இனி ஒன்று தரித்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த முறையே கருக்குழாயைக் கட்டிவிடும்படி கேட்டிருக்கிறாள். மிஷன் ஆஸ்பத்திரியை நடத்தும் கன்னியாஸ்திரி மதர் அது பாவம், இங்கே நடக்காது என்றாராம். அரசாங்க ஆஸ்பத்திரிக்காவது அனுப்பச் சொல்லித் துண்டுச் சீட்டு எழுதித் தாருங்கள் என்றால், அதுவும் இல்லை. கிளினிக் அட்டையும் அவர்களிடம்.

"நான் மாரியம்மனக் கும்புடுறவங்க டீச்சர். அவங்க பாவம் எனக்கு எப்படிங்க வரும்?"

ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவள் நான்.

5 வியாழன்
மதருக்கு ஆங்கிலத்தில் கடிதம். மூன்று முறை திருத்தம். கன்னியர் மடப் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு இளையவர், என் எழுத்தை மதிப்பார். நேரில் போய் பெஞ்சில் காத்துக்கிடப்பது எனக்கு அழகல்ல.

8 ஞாயிறு
பதில் இல்லை. நேற்று செ. அட்டையில்லாமலே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசலிலேயே விரட்டல். தோட்டத்து ஆட்களுக்கு எத்தனை தரம் சொல்வது, அட்டை எங்கே என்று சிங்களத்தில். இவளுக்கு விளங்காது என்று நினைத்துப் பேசிய மிச்சமும் இவளுக்கு விளங்கியிருக்கிறது.

இவள் தாயை அந்தக் காலத்தில் லொறியில் ஏற்றிப் போய், ஒன்றும் விளக்காமல் கைநாட்டு வாங்கிக் குழாயைக் கட்டிவிட்டார்கள். கேட்காதவளுக்குச் செய்தார்கள். கேட்கிறவளுக்கு இல்லை.

10 செவ்வாய்
பதில் வந்தது. நல்ல தாள், பிழையில்லாத ஆங்கிலம். மனச்சாட்சி என்ற சொல் மூன்று இடத்தில். செல்வியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு போனேன். பெஞ்சில் இரண்டு மணி நேரம்.

"துண்டு எழுதினா நானும் அதுக்கு உடந்தைதானே, டீச்சர்?"

"அவள் செத்தா எதுக்கு உடந்தை, மதர்?"

"கடவுள் பாத்துக்குவார். புருஷனைக் கொஞ்சம் அடக்கமா இருக்கச் சொல்லுங்க."

அட்டையை மட்டும் நாளைக்குத் தருவாராம்.

11 புதன்
விடியுமுன் வலி. தோட்டத்து லொறி பக்கத்திலுள்ள மிஷன் ஆஸ்பத்திரிக்குத்தான் போனது. பெண் குழந்தை. செ. பிழைத்தாள். குழாய் கட்டவில்லை.

கடிதம் திருத்திக்கொண்டிருந்தேன் நான். வியாழக்கிழமையே அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தால் அட்டை கையில் இருந்திருக்கும். என் மேலும் கோபம்.

15 ஞாயிறு
இனி வாசகம் வாசிப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். பங்குச் சாமியார் காரணம் கேட்டார். சொன்னேன். குரலைத் தாழ்த்தச் சொன்னார். தாழ்த்தவில்லை.

24 செவ்வாய்
கொஞ்சம் வெயில். போர்வைகள் காயப்போட்டேன். ராஜு வந்தான், மெதுவாக நடந்து. அரசாங்க ஆஸ்பத்திரியில் தானே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேசன் செய்துகொண்டானாம்.

"லயத்து வீடுகள்ல காயடிச்ச மாடுன்னு சிரிக்கிறானுங்க டீச்சர். இவ போயிட்டா நாலு புள்ளையையும் அவனுங்களா வளப்பானுங்க?"

அட்டை கேட்டார்களா?

"இல்லீங்க."

துண்டு?

"அதுவும் இல்லீங்க. பேரு, வயசு, அவ்வளவுதான். அரை மணி நேரம். டீயும் குடுத்தாங்க."