ஸ்பீக்கர் ஒயர் விஷயம்

ஏன்னா,

நான் காக்கநாட்டுக்கு மாளவிகாவைப் பாக்கப் போறேன், சாயங்காலம் வந்துடுவேன். மொளகூட்டல் பண்ணி மூடி வெச்சிருக்கேன். பப்படம் மட்டும் நீங்க பொரிச்சுக்கணும். வெளில போனா சாவியைக் கீழே சாயாக்கடைச் சேட்டன்கிட்ட குடுங்கோ.

புது ஸ்பீக்கர் ஒயர்ல பாட்டுக் கேக்கறதுக்குன்னே உங்க சிநேகிதர் நிகில் களமசேரிலேர்ந்து வரார்னு சொன்னேளே, அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். போன வாரம் தரை துடைக்கறப்போ அந்தத் தடி ஒயர் காலைத் தடுக்கித்து. கழட்டிட்டுப் பழசையே மாட்டினேன், சொல்ல மறந்துட்டேன். புதுசு அரிசி டின் மேல சுருண்டு கிடக்கு.

நேத்திக்குப் பழைய சினிமாப் பாட்டு ரெக்கார்டைப் போட்டுட்டு, கண்ணை மூடிண்டு, "புது ஒயர் போட்டப்பறம் வயலின் எப்படித் தனியாக் கேக்கறது பாத்தியா? உனக்குக் காதே கிடையாது"ன்னேள். வாய் வரைக்கும் வந்தது. ஆனா உங்க முகம் அவ்வளவு சந்தோஷமா இருந்ததா, சொல்ல மனசு வரலை.

நிகில் வரதுக்குள்ள மாத்திடுங்கோ.

ஸுப்ரியா

இல்லை, மாத்த வேண்டாம். அவரும் கண்ணை மூடறாரான்னு பாத்து வைங்கோ, வந்து கேக்கறேன்.