உங்கள் பேருக்கு வந்த கார் கடன்

என் ஆசை மாமாவுக்கு,

நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது. உங்களைக் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். போன வாரம் ஒரு பேங்க் மட்டும் மறக்காமல் உங்களுக்குத் தபால் போட்டிருந்தது. தடித்த தாள், உங்கள் முழுப் பேர். உங்கள் வரவு செலவை முழுமையாக ஆராய்ந்து, கார் கடனுக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிட்டார்களாம். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதை மட்டும் ஆராயவில்லை.

நம் மணிக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனி வேலையை விட்டுவிட்டு வாடகைக் கார் ஓட்ட அவன் அலைவது உங்களுக்குத் தெரியுமே. "அப்பா போயும் நமக்கு வழி பண்ணியிருக்காரும்மா" என்றான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அருள்புரத்துக் கம்பெனியில் பனியனுக்கு லேபிள் வைத்துத் தைக்கிறவள் நான். துணி நம் ஊர் மெஷினில் ஓட்டியது, தையல் எங்கள் கை. கழுத்தில் மட்டும் கடல் தாண்டி இருக்கிற எவனுடைய பேரோ. அந்தப் பேருக்கும் தைத்த கைக்கும் சம்பந்தமில்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்ட நான், தாளின் தலையில் நாம் கணக்கு வைத்திருக்கும் பேங்க்கின் பேரைப் பார்த்ததும் நம்பிவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

அதிலிருந்த நம்பருக்கு மணி போன் போட்டான். ஸ்பீக்கரில் தேன் ஒழுகும் குரல். "ஆஃபர் இன்னிக்கு மட்டும்தான் சார். வீட்டுப் பத்திரம் ஒரிஜினலை எடுத்து வையுங்க, எங்க ஆள் வந்து வாங்கிக்குவார்."

நான் போனைப் பிடுங்கினேன். "ஏனுங்க, காருக்குக் கடன் குடுக்க ஊட்டுப் பத்திரம் எதுக்குங்க?"

"சும்மா ஃபார்மாலிட்டி மேடம். சார் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"அவரு தவறிட்டாருங்க."

"அதனால என்ன மேடம்? அவர் கையெழுத்தை நீங்களே போட்டுடுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அதனால என்னவாம், மாமா. நீங்கள் இல்லாமல் நான் படும் பாட்டை அந்தப் பாவி இப்படிச் சொல்லி முடித்துவிட்டான். "நாசமாப் போயிருவீங்க" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். சாபம் விடும்போதும் நம் ஊர் மரியாதை போகவில்லை பாருங்கள்.

மறுநாள் மணியை இழுத்துக்கொண்டு டவுனில் இருக்கும் பேங்க்குக்கே போனேன். கவுண்டரில் இருந்த பெண் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இது நாங்க அனுப்பலீங்க. இந்த நம்பரும் எங்களுது இல்லீங்க." அதோடு விட்டிருக்கலாம். "அவரு இறந்ததை ஏன் இன்னும் எங்களுக்குச் சொல்லலை?" என்று என்னையே அதட்டினாள். திருடன் தேனாய்ப் பேசுகிறான், சொந்த பேங்க் எரிந்து விழுகிறது. நான் யாரை நம்பித் தொலைவது?

வீட்டுக்கு வந்து துவைக்க மணியின் சட்டையை எடுத்தேன். பையில், மடித்த பனியனுக்குள் வைக்கும் அட்டை ஒன்று. அதில் வரிவரியாக உங்கள் கையெழுத்து. கடைசியில் நீங்கள் இழுத்துவிடும் அந்த வால்கூடத் தப்பவில்லை. போனில் அந்த ஆள் சொன்னதைக் கேட்டு முந்தின ராத்திரியே எழுதிப் பழகியிருக்கிறான். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

"கார் வந்துட்டா நீ லேபிள் தைக்கப் போக வேண்டாம்னு நெனச்சேம்மா" என்று அழுதான்.

அந்த அட்டையை அடுப்பில் காட்டினேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது! ஒவ்வொரு வரியாகக் கருகும்போது உங்களை மறுபடி எரிப்பதுபோல் இருந்தது. இதற்காக அந்தத் திருடர்களை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

பத்திரம் பத்திரமாக என் தலைமாட்டில் இருக்கிறது. மணி கார் ஓட்டுவான், சொந்தக் கையெழுத்தைப் போட்டு வாங்கி ஓட்டுவான். உங்கள் கையெழுத்தை இந்த வீட்டில் இனி யாரும் போட விடமாட்டேன், மாமா. இது சத்தியம்.

உங்கள் பேரின் முதலெழுத்தை இன்னும் தன் பேருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும்,
உங்கள் மனைவி.