பத்மினியின் தலை அளவு

திருப்பதி
10.6.2025

ரமணா அண்ணாவுக்கு,

நைனாவின் மண்டை உடைந்ததற்கு நீதான் காரணம். போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

நான் வாங்கித் தந்த ஹெல்மெட், கீறல்கூட இல்லாமல் சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கியதாம். போட வேண்டாம் என்று நீ சொன்னாயாம். ஆம்புலன்சில் கூட வந்த ஏழுமலை சொன்னான். லாரி மோதவில்லை, வேகமும் இல்லை. வேகத்தடையில் சக்கரம் துள்ளி விழுந்திருக்கிறார், அவ்வளவுதான்.

என் வார்டிலேயே படுத்திருக்கிறார். நேற்று என்னிடம், "நர்சம்மா, எம்பொண்ணு கல்பனா இங்கதான் எங்கியோ வேல செஞ்சிக்கினு இருக்குது, கொஞ்சம் கூப்புடும்மா" என்றார்.

பைக்கில் போகும்போது நீ ஹெல்மெட் போடுகிறாய். போலீஸ் ஃபைன் போடுவான் என்ற பயம். சைக்கிளில் போகிறவன் தலைக்கு அந்த மதிப்புகூடக் கிடையாது.

கல்பனா

பலமனேர்
17.6.2025

தங்கை கல்பனாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது.

நைனா திருமலையில் மொட்டை போட்டு வந்த மறுநாள் அது. அன்று காலை தலையில் மறுபடி பூசிய சந்தனம் காயவில்லை. "இந்தச் சட்டியக் கவுத்தா சந்தனமெல்லாம் அழிஞ்சிடும் நைனா, அப்பறமா போட்டுக்க" என்று நான்தான் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினேன். "கல்பனா திட்டுண்டா" என்று சிரித்துக்கொண்டே போனார். தப்புதான்.

நீயும் ஒன்று தெரிந்துகொள். முடி இருந்தபோது அளவு பார்த்து வாங்கினாய். மொட்டையில் அது லொடலொடவென்று ஆடியது.

இனி இந்த வீட்டில் யாரும் சைக்கிளைத் தொடமாட்டார்கள். என் மகள் சைக்கிளையும் மாட்டுக்கொட்டகையில் பூட்டிவிட்டேன். பத்தாவதுதானே, பத்மினி வீட்டிலிருந்தே படிக்கட்டும்.

அண்ணன்
ரமணா

திருப்பதி
21.6.2025

அண்ணா,

அளவு விஷயத்தில் தப்பு என்னுடையது. பின்னால் இருக்கும் திருகைத் திருகி இறுக்கலாம். தாடைக்குக் கீழே வாரில் இரண்டு விரல்தான் நுழைய வேண்டும். இதை நைனாவுக்கு நான் காட்டிக்கொடுக்கவில்லை. வாங்கிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் நான் சொன்னது ஹெல்மெட் போடச் சொல்லி. சைக்கிளை யார் பூட்டச் சொன்னது? பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர். அந்த வழியில் பஸ் கிடையாது. விழுந்தது நைனா, தண்டனை பத்மினிக்கா? மகனாக இருந்தால் பூட்டியிருப்பாயா?

இதோடு தையல் டேப் வைத்திருக்கிறேன். புருவத்துக்கு மேலே வைத்து, காதுக்கு மேலாக அவள் தலையைச் சுற்றி அளந்து எழுது. ஹெல்மெட்டோடு நானே வந்து மாட்டிக் காட்டுகிறேன்.

கல்பனா

திருப்பதி
14.7.2025

அண்ணா,

டேப் அனுப்பி மூன்று வாரம் ஆகிவிட்டது. நைனா இப்போது சாய்ந்து உட்காருகிறார். காலையில் இட்லி ஊட்டும்போது, "பத்மினி துன்னுட்டு இஸ்கூலுக்குப் போயிடுச்சா?" என்று கேட்டார். அவள் பெயர் நினைவிருக்கிறது. நான் இன்னும் நர்சம்மாதான்.

போய்விட்டாள் என்று பொய் சொன்னேன். நாளைக்கும் கேட்பார்.

கொட்டகையைத் திற. எத்தனை சென்டிமீட்டர் என்று எழுது.

கல்பனா