அம்மா கொடுத்த சாவிகள்

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா காரியம் முடிந்து நீ கிளம்பிப் பத்து நாள் ஆகிறது. போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி வந்ததோடு சரி. நான் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். அடுப்புக்கும் எனக்கும்தான் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஒரு கூத்தைக் கேள். நேற்று மத்தியானம் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தால், சாப்பாட்டு மேஜையில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்து கணக்குப் பாடம் எழுதுகிறாள். அவள் வீலென்று கத்த, நான் அதைவிடச் சத்தமாகக் கத்த, ஒரே களேபரம். "ஆன்ட்டிதான் சாவி குடுத்தாங்க அங்கிள். எங்க வீட்ல படிக்க இடமில்ல" என்றாள். இன்று ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அம்மாள் வந்து நம் சோபாவில் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுப் போனாள். விசாரித்ததில் இதுவரை ஏழு பேரிடம் நம் வீட்டுச் சாவி இருக்கிறது!

முப்பத்திரண்டு வருஷமாகக் காலையில் ஆபீஸ் போய்ச் சாயங்காலம் வந்த மனுஷன் நான். இப்போது லீவில் இருப்பதால்தான் தெரிகிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அவள்? கோபம் கோபமாக வருகிறது. கோபித்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் சிரித்தேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது.

உங்களுக்குத்தான் இது புதுசு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் கட்டிலில் யாராவது தூங்குவார்கள். "பாவம்டி, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்பாள் அம்மா. பரீட்சைக்கு நான் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். ஊருக்கெல்லாம் அம்மாவாக இருந்தவள், ஒரு நாள்கூட எனக்கு மட்டும் அம்மாவாக இருந்ததில்லை. இவ்வளவு தூரத்தில் வேலை தேடிக்கொண்டதே அதனால்தான்.

முதல் வேலையாகப் பூட்டை மாற்றுங்கள். இனிமேலாவது அது நம் வீடாக இருக்கட்டும்.

உங்கள் மகள்

மார்ச் 17

பாப்பாவுக்கு,

நீ சொன்னபடியே பூட்டை மாற்றிவிட்டேன். நான்கு நாள் வீடு அமைதியாக இருந்தது.

இன்று காலை அந்த ஆஸ்பத்திரி அம்மாளைத் தெருவில் பார்த்தேன். பின்தெருத் தையல்காரி, புருஷன் அடித்துக் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளாம், வலது கை. அவன் அடிக்க வரும்போதெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்குத்தான் ஓடி வருவாளாம். சனிக்கிழமையும் வந்திருக்கிறாள். புதுப் பூட்டில் சாவி திரும்பவில்லை. நான் முடிவெட்டப் போயிருந்தேன்.

அப்பா

மார்ச் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மேல் தப்பே இல்லை. வீட்டில் இல்லாத மனுஷன் என்ன செய்ய முடியும்? மாற்றச் சொன்னது நான். பழி என்னோடு போகட்டும். உங்களுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கிளம்பி வாருங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 29

பாப்பாவுக்கு,

உன்னிடம் பொய் சொன்னேன். சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். சாவி பூட்டில் நுழைந்து திரும்பத் திரும்பத் திணறுகிற சத்தம் கேட்டது. ஒரு குழந்தை சிணுங்குவதும் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள், சலித்துப் போய்விடுவார்கள் என்று பேப்பரைக்கூடப் புரட்டாமல், மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தத் தையல்காரியிடமே சொன்னேன். "நீங்க உள்ள இருக்கீங்கன்னு தெரியும்ண்ணா. செருப்பு வாசல்ல கிடந்துச்சு. அக்கா போன துக்கத்துல இருக்கீங்க, தட்டித் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் போயிட்டேன்" என்றாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன் பாப்பா. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

நான் வரவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

அவளையும் குழந்தையையும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். கூடத்தில் படுத்திருக்கிறார்கள். உன் அறையைக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அது உன் அறை. கொடுக்கலாமா? நீ வேண்டாம் என்றால் வேறு ஏற்பாடு செய்கிறேன். உன் மேல் வருத்தப்பட மாட்டேன்.

அப்பா

ஏப்ரல் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

கொடுங்கள். ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டால் குழந்தைக்குக் காற்று வரும்.

அம்மா ஒரே ஒரு தடவை இப்படி என்னைக் கேட்டிருந்தால், அப்போதும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

உங்கள் மகள்