டயாலிசிஸ் அறையின் மூடிய ஜன்னல்கள்

அனுப்புநர்
இயற்பியல் விரிவுரையாளர்
(டயாலிசிஸ் பிரிவு, கடைசிப் படுக்கை நோயாளியின் கணவர்)

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்
பொது மருத்துவமனை

பொருள்: டயாலிசிஸ் அறையின் ஜன்னல்கள் திருகாணியிட்டு மூடப்பட்டமை – திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பெருந்தொற்றுக் காலத்தில் இம்மருத்துவமனையின் ஆலோசனைக் குழுவில் நானும் இருந்தேன். கிருமி காற்றில் பரவுகிறது, ஜன்னல்களைத் திறந்துவையுங்கள் என்றேன். தாங்கள் தரையைக் கழுவினீர்கள், சுவரைக் கழுவினீர்கள், வாசலில் வந்தவர்கள் மீதே மருந்து தெளித்தீர்கள். உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் இங்கே ஜன்னல்கள் திறந்தன. பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். பட்டும் வராதவர்களுக்குப் பழமொழி எதுவும் இல்லை.

2. சென்ற மாதம் ஒரு நன்கொடையாளர் டயாலிசிஸ் அறைக்கு ஏசி வாங்கித் தந்தார். குளிர் வெளியேறாதிருக்க எல்லா ஜன்னல்களிலும் திருகாணி அடிக்கப்பட்டது. இடுக்குகளை அடைக்க, தங்கள் துறையே அச்சிட்ட சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. அவற்றிலுள்ள வாசகம்: "பெருந்தொற்று தந்த பாடம்: காற்றோட்டமே பாதுகாப்பு." ஒட்டியவருக்குப் படிக்கத் தெரியாது போலும் என்று எண்ணினேன். விசாரித்ததில், தாங்களே அருகில் நின்று, கோணலாக இருப்பதாகச் சொல்லி நேராக ஒட்டவைத்ததாகத் தெரிகிறது.

3. கரியமில வாயுவை அளக்கும் கருவியை எடுத்து வந்து காட்டினேன். ஜன்னல் திறந்திருந்த நாட்களைவிட மூன்று மடங்கு. அதாவது, ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார். தாங்கள் ஊழியர்கள் முன்னிலையில் அளித்த பதில்: "வாத்தியாரே, ஏசியைப் போட்டுட்டு ஜன்னலைத் திறந்து வெச்சா ஊரே சிரிக்கும். இந்தப் பொம்மையை வீட்ல வெச்சு வெளையாடுங்க." ஊழியர்கள் சிரித்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பிழைக்க வேண்டியவர்கள். அந்த ஏசி இருக்கிற காற்றைத்தான் குளிரவைக்கும். புதுக் காற்றைக் கொண்டுவராது. முதலாண்டு மாணவர்களுக்கு இது ஒரே வகுப்பில் விளங்கிவிடுகிறது.

4. அடுத்த வாரமே ஒருவர் இருமினார். நால்வர் காய்ச்சலில் விழுந்தனர். என் மனைவியின் பக்கத்துப் படுக்கையில் இருந்த தையற்கார அம்மா இறந்துபோனார். உடனே தரை இரண்டு முறை கழுவப்பட்டது.

5. "அந்த ரூமுக்கு இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று என் மனைவி சொல்லிவிட்டார். இன்று வரவில்லை. டயாலிசிஸ் தவறினால் என்ன ஆகும் என்பதையாவது தாங்கள் படித்திருப்பீர்கள்.

ஆகவே, அவருடைய அடுத்த டயாலிசிஸ் நாளான வெள்ளிக்கிழமைக்குள் ஜன்னல்களைத் திறந்துவிடுமாறு கேட்கிறேன். இயலாதெனில், அவர் வராமல் சாக வேண்டுமா, வந்து சாக வேண்டுமா என்பதைத் தங்கள் கையொப்பமிட்டு எழுதித் தரவும். நான் சொன்னால் அவர் கேட்பதில்லை.

இடம்: டயாலிசிஸ் பிரிவு வராந்தா
நாள்: செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
கடைசிப் படுக்கை நோயாளியின் கணவர்