கலங்கல் தண்ணிக்கு எது?

அன்புள்ள மச்சான்,

இதை நானே எழுதுகிறேன். நம்பு! ரெக்ஸ்டேலில் பெரியவர்களுக்கான வகுப்பில் ஏழு மாதமாக எழுத, வாசிக்கப் படிக்கிறேன்.

போன கோடையில் அன்று, மழைக்குப் பிறகு ஏரியில் நான் படகை ஓட்ட, நீ தகடு சுழலும் தூண்டிலால் பாஸ் மீன் பிடிக்கும்போது, "கலங்கல் தண்ணிக்கு எண்டு எழுதின ஸ்பின்னர்பெய்ட்டை எடு" என்றாய். நான் வேறொன்றைத் தந்தேன். "கண் பொட்டையே உனக்கு?" என்று கத்தினாய். வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுச் சண்டை பிடித்தேன். அதோடு நம் பேச்சும் நின்றுபோனது.

அன்று என் காரில் நீ விட்டுப்போன தூண்டில் பெட்டியை நேற்றுத் திறந்து, உன் கையெழுத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். "கலங்கல்: பெரிய வட்டத் தகடு, மெதுவாய் இழு." "தெளிஞ்ச தண்ணி, காத்து: ஒடுங்கின தகடு, கெதியாய் இழு."

அடியில் பிரிக்காத புது ஸ்பின்னர்பெய்ட் ஒன்று இருந்தது. அதில் என் பெயரை எழுதியிருந்தாய்.

நீ பக்கத்தில் இல்லாமல் அதைத் தண்ணீரில் போட மனம் வரவில்லை. சனிக்கிழமை வருவாயா?

உன் படகுக்காரன்