பீரோவுக்குப் பின்னால் பதினோரு கோடுகள்

அன்புள்ள வாலு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். என் மூட்டுவலியும் அப்பாவின் இருமலும் பழைய ஆட்கள், அவர்களைச் சேர்க்க வேண்டாம். போனில் நீ கேட்கும்போதெல்லாம் வீட்டுக்கடன் விஷயம் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி மழுப்பிவிட்டேன். அது நடந்துகொண்டிருக்கவில்லை, முடிந்துவிட்டது. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

பழைய வங்கி மூன்று தடவை வட்டியை ஏற்றியதும், ஓய்வுக்குப் பிறகு அப்பா போய்வந்த வேலை நின்றுபோனதும் உனக்குத் தெரியும். தவணை குறைந்தால்தான் வீடு தங்கும் என்ற நிலை. அதனால் கடனை மாற்றிக்கொள்ளலாம் என்று கடைத்தெரு முனையில் இருக்கும் வங்கிக்குப் போனோம். வீட்டுக்கு மதிப்புப் போட அவர்கள் ஒருவரை அனுப்பினார்கள், பெரியவர், நாடா பிடித்து அளந்தார், டீ குடித்தார், நாங்கள் நினைத்ததைவிட நல்ல மதிப்பாகவே எழுதிக்கொடுத்தார். அந்த வாரம் முழுக்க உன் அப்பா வாசல் கேட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அப்புறம் அந்த வங்கி, சாருக்கு வயசு கூடிப்போச்சு, குறைஞ்ச வட்டித் திட்டத்துல சேர்க்க முடியாது, வேணும்னா இதே மதிப்பை வச்சு வேற திட்டத்துக்கு மாத்தித் தரோம் என்றது. அந்த வேறு திட்டத்தின் வட்டியைப் பார்த்தால் பழைய வங்கியே தேவலை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் வீட்டுக்கடன் கம்பெனியில் வயது பார்ப்பதில்லை, வட்டியும் குறைவு என்று கேள்விப்பட்டு அங்கே போனோம். மதிப்பு அறிக்கைதான் கையில் இருக்கே, இன்னொரு தடவை எதுக்கு தண்டம் அழணும் என்று அப்பா அதை உறையோடு எடுத்து வந்திருந்தார். அங்கே இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். காசு கட்டினது நீங்களா இருந்தாலும் அறிக்கை அந்த வங்கி பேர்ல இருக்கும்மா, அவங்களே ஒரு கடிதம் வச்சு எங்களுக்கு நேரா அனுப்பினா ஏத்துக்குவோம், ஆனா அறிக்கைத் தேதியிலிருந்து நாலு மாசத்துக்குள்ள வந்து சேரணும் என்றாள். ஏழு வாரம் மிச்சம் இருந்தது. ஒரு கடிதத்துக்கு ஏழு வாரம் போதாதா என்று நினைத்தோம். அப்பா ஒன்பது தடவை போனார். மேலாளர் விடுப்பில், தலைமை அலுவலகத்தில் கேட்டிருக்கிறோம், கையெழுத்து மட்டும் பாக்கி, இப்படியே இழுத்து, நாலு மாதம் முடிந்து ஐந்தாம் நாள் கடிதம் போய்ச் சேர்ந்தது. வீடு என்ன பால் பாக்கெட்டா, தேதி முடிந்தால் கெட்டுப்போக என்று நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, பாவம், அவளுக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள்.

மறுபடியும் பணம் கட்டினோம், அந்தக் கம்பெனி வேறு ஒரு பையனை அனுப்பியது. இனிமேல்தான் உன் அப்பாவின் பங்கு. உன் அறையில் பீரோவுக்குப் பின்னால் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது, கவலைப்படுவாய் என்று உன்னிடம் சொன்னதில்லை. வருடத்துக்கு ஒருநாள் அப்பா பீரோவை நகர்த்தி, விரிசல் எதுவரை வந்திருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதி வைப்பார். பதினோரு கோடுகள். முப்பத்துநான்கு வருடம் வால்வு தொழிற்சாலையில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய மனிதர், வேறென்ன செய்வார். முதலில் வந்த பெரியவர் பீரோவை நகர்த்தவில்லை, அன்றைக்கு அப்பா வெளியே போயிருந்தார், பெரியவர் அதையும் பார்த்திருப்பார் என்றே நம்பிவிட்டார். இந்தப் பையனும் நகர்த்தவில்லை, பையை மூடிவிட்டான், செருப்பில் ஒரு கால் நுழைத்தாயிற்று. உன் அப்பா, தம்பி ஒரு நிமிஷம், இதை நீங்க பாக்கலையே என்று அவனை உள்ளே கூட்டிப்போய், மூச்சு வாங்க வாங்கத் தானே பீரோவைத் தள்ளிக் காட்டினார். அவன் எல்லாக் கோட்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு, இவ்வளவு சுத்தமா யாரும் குறிச்சு வச்சு நான் பார்த்ததே இல்ல சார் என்றான். அப்பாவுக்கு முகம் கொள்ளாத பூரிப்பு. நுணலும் தன் வாயால் கெடும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். அஸ்திவாரம் அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று எழுதி மூன்றில் ஒரு பங்கு மதிப்பைக் குறைத்துவிட்டான், கடன் தர முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. கடைத்தெரு வங்கிக்கே திரும்பி அந்த வேறு திட்டத்தையாவது கேட்போம் என்று போனால், அங்கேயும் பழைய மதிப்புக்கு நாள் கடந்துவிட்டதாம், புது ஆளை அனுப்புவார்களாம். சரி அனுப்புங்க, அவருக்கும் காட்டிடுறேன் என்றார் அப்பா. நான் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டேன். சொந்தக் காசில் எத்தனை தடவை சூனியம் வைத்துக்கொள்வது.

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் அவரே அடுப்படிக்கு வந்து நின்றுகொண்டு, பழுதான வால்வுன்னு தெரிஞ்சும் பாஸ் பண்ணி அனுப்பினா அது எங்கேயோ ஒருத்தன் முகத்துல வெடிக்கும், எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் என்றார். எனக்குக் கோபம் தீரவில்லை, ஆனால் பேசினேன். அதற்குள் இரண்டு தவணை நின்றுவிட்டது, பழைய வங்கியிலிருந்து நோட்டீசும் வந்துவிட்டது. அவர்கள் ஏலம் போடுவதற்கு முன் நாமே விற்றுவிடலாம் என்று புரோக்கரிடம் சொன்னோம். ஆள் பார்க்க வரும்போது பீரோ பக்கம் போகவே கூடாது என்று அப்பாவிடம் வாக்கு வாங்கினேன். இருந்தா வாய் சும்மா இருக்காது, நான் வெளியே போயிடுறேன் என்று சொன்னவர், போன ஞாயிறு அவர்கள் வரும் நேரத்துக்குக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் வாழ்நாளில் ஒரு குறையைத் தெரிந்தே விட்டுவிட்டுப் போனது அன்றைக்குத்தான், அதுவும் எனக்காக.

வந்தது ஒரு சின்ன ஜோடி. அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம். வீடு முழுக்கப் பிடித்துவிட்டது, விலையிலும் பேரம் பேசவில்லை. உன் அறை ஜன்னலருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பீரோவை எடுத்துட்டா தொட்டிலை இந்தச் சுவரோரமா போட்டுக்கலாம் என்று புருஷனிடம் சொன்னாள். நான் பேசாமல்தான் நின்றேன் வாலு, சத்தியமாக நின்றேன். அப்புறம் எப்படி என்று தெரியவில்லை, பீரோவில் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர்கள் கோடுகளைப் பார்த்தார்கள். அந்தப் பெண் என் கையை ஒருதரம் பிடித்துவிட்டுப் போனாள். விரிசல் விஷயம் புரோக்கர் காதுக்கும் போய்விட்டது, இனி மனைக்கு மட்டும் விலை சொல்கிற ஆள்தான் வருவான், கடன் போக ஒன்றும் மிஞ்சாது என்கிறார் புரோக்கர்.

அடுத்த மாதம் லாண்டரிக் கடை மாடியில் ஒற்றை அறைக்குப் போகிறோம். அங்கே பீரோ ஏறாது, அதில் இருக்கும் உன் சாமான்களில் எது வேண்டும் என்று உடனே எழுது. பணம் எதுவும் அனுப்பாதே, அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் கோபத்தைக் காட்டாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருடம் இருக்க வேண்டும். இன்னொன்று, மறந்துவிடாதே. அந்த ஜோடிக்கு வீடு ஏன் பிடிக்கவில்லை என்று அப்பா கேட்டார், சமையலறை சின்னதாம் என்று சொல்லியிருக்கிறேன். போனில் பேச்சு வந்தால் நீயும் அப்படியே சொல்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா